கிள்ளானில் நிழல் இல்லாத மதியம்

சந்திரகலா அயர்லாந்துக்குப் புறப்பட்டபோது மகள் வாணிக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. மகன் கிஷனுக்கு நான்கு ஆகவில்லை. அவள் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பார்க்கும் பிரிவில் வேலை கற்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அப்படி ஓர் இடம் அங்கே கிடைத்ததாகச் செய்தி வந்த அன்று, அடுப்பைப் பற்ற வைக்க மறந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே கணவன் ஜீவன் சொல்லிவிட்டான்.

"போய்ட்டு வா கலா. பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்."

ஜீவனோ பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். பிள்ளைகள் காலையில் பாலர் பள்ளிக்குப் போவார்கள், மீதி நேரம் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. அம்மா போன மறுநாளிலிருந்து கிஷன் பள்ளியின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். வாணி அழவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். பள்ளியில் வண்ணம் தீட்டச் சொன்னால் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். ஜீவன் அன்றே இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான்.

கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தான். தொழிற்சாலையிலிருந்து நின்றுகொண்டு, துறைமுகத்துக்கு லோரி விடும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் வண்டிகளைப் பிரித்து அனுப்பும் வேலையைப் பிடித்துக்கொண்டான். தெய்வானை அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. வீட்டிலேயே வைத்திருந்தால் பிள்ளைகள் என்ன படிக்கும், நீ என்ன டீச்சரா என்று நேராகவே கேட்டார். அவன் கடையில் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வந்து வைத்தான். வாணி ஒரு பக்கம் எழுதிவிட்டு மூடி வைத்தாள்.

ஒருநாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது கிஷன் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். "இங்கயும் இல்ல" என்று வாணியிடம் சொல்லிவிட்டுப் போனவன், அதன் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் போன் பக்கம் வரவில்லை. சந்திரகலா அந்தப் பக்கத்திலிருந்து கூரைக் காற்றாடி சுற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு அன்று விடுமுறை என்பது ஜீவனுக்குத் தெரியும்.

அங்கே குளிர்காலம். அடுத்த தடவை பேசியபோது, முந்தின இரவு சன்னலுக்கு வெளியே ஒரு தட்டில் தண்ணீர் வைத்ததாகவும், காலையில் அது ஐஸாக இருந்ததாகவும் சந்திரகலா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். வாணி நிமிர்ந்தாள்.

"நம்ம வீட்ல வெச்சாலும் ஆகுமாப்பா?"

பல நாள் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஆகாது என்று சொல்ல வாயெடுத்த ஜீவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். மூவருமாகத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பால்கனியில் வைத்தார்கள். ஐஸ் ஆகவில்லை. சில நாளில் அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டிங்கிக் காய்ச்சல் பயத்தில் ஜீவன் தட்டைக் கவிழ்க்கப் போனபோது வாணி கையைப் பிடித்துத் தடுத்தாள். அவன் கொஞ்சத்தை மட்டும் ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினான். ஒரு காலையில் புழுக்களில் ஒன்று கொசுவாகித் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிஷன் தானாகவே போனைக் கேட்டு வாங்கி, போத்தலை அதன் எதிரே பிடித்தான்.

"ம்மா, உனக்கு ஐஸ். எனக்குக் கொசு."

அதிலிருந்து எதையும் இரண்டு ஊரிலும் செய்து பார்ப்பது என்றாகிவிட்டது. நனைத்த கைக்குட்டை கிள்ளானில் மதியத்துக்குள் காய்ந்தது. சந்திரகலாவின் கைக்குட்டை மறுநாளும் ஈரமாகவே தொங்கியது. அவள் தன் அறையின் சூடேற்றிக்குப் பக்கத்தில் பச்சைப்பயறு முளைகட்டினாள். பிள்ளைகளின் பயறுதான் முந்திக்கொண்டது. சோறு கொதிக்கும்போது மூடி ஏன் ஆடுகிறது என்று கிஷன் கேட்டால், ஜீவன் அடுப்பைத் தணித்தும் கூட்டியும் காட்டினான். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான். எழுத்தும் வெளியிலிருந்துதான் வந்தது. கொமுட்டர் ரயிலேறி, தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போவார்கள். கடைப் பலகைகளைப் பார்த்தபடி நடப்பார்கள். ஒருநாள் பூமாலைக் கடை வாசலில் வாணி யாரும் சொல்லிக் கொடுக்காமல் 'பூ' என்று வாசித்தாள். கலா அங்கே நிற்பது போல ஜீவன் சட்டென்று பக்கத்தில் திரும்பினான். சாலையைக் கடக்கக் காத்திருந்த யாரோ ஒருவர் அவனைப் பார்த்து என்னவென்பது போலத் தலையசைத்தார். அவன் ஒன்றுமில்லை என்றான்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு மதியம், வாகன நிறுத்துமிடத்தில் தண்ணீர்ப் போத்தலை நிறுத்தி வைத்து அதன் நிழலைச் சுற்றி வாணி சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கியது. கடைசியில் போத்தலுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. எழுந்து நின்றாள். அவளுடைய நிழலும் காலடியில்தான் கிடந்தது. அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். அம்மாவுக்கு இன்னும் விடியவில்லை என்றான் ஜீவன். இங்கே எடுத்த படங்களை மட்டும் அனுப்பி வைத்தார்கள்.

சந்திரகலாவின் மதியம் வந்தபோது இங்கே பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டில் இருந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே, அபூர்வமாக அடித்த வெயிலில் நின்று அவள் தன் நிழலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தார்த்தரையில் அது அவளைவிட நீளமாக விழுந்திருந்தது. கிஷன் வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா தனியா இல்லப்பா. நிழல் இருக்கு."

ஜீவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கழுவி முடித்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டின் நடுவில் சந்திரகலா மூன்று வார விடுப்பில் வந்தாள். விமான நிலையத்தில் வாணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கிஷன் மெதுவாக நடந்து அம்மாவைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் நின்று பார்த்தான். பிறகுதான் அவள் முழங்கையைத் தொட்டான்.

வீட்டில் எல்லாம் அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, அந்நியமாகவும் இருந்தது. எந்தப் போத்தலைத் தொடக்கூடாது, எந்தத் துணி எதற்கு என்று பிள்ளைகள் அவளுக்குச் சொல்லித் தந்தார்கள். அவர்கள் மூவரும் ஏதோ ஒன்றைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரிக்கும்போது, ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. ஒரு மழை நாளில் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"இதெல்லாம் நான் இல்லாமலே நடந்துருக்கு ஜீவா. நான் திரும்பி வந்துடவா?"

வந்துவிடு என்ற சொல் அவன் வாய் வரைக்கும் வந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தான். அதைச் சொல்லாமல், அங்கே இப்போது எத்தனை குழந்தைகள் என்று கேட்டான். உள்ளங்கையில் அடங்கும் அளவில் பிறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அது முதல்முதலாகக் கருவியின் உதவியில்லாமல் மூச்சு விட்ட அன்று வார்டில் எல்லோரும் அழுததைச் சொல்லும்போது அவள் முகமே மாறியது. பாதியில், அவன் எதற்காகக் கேட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் துணிகளை மடித்தார்கள்.

அங்கே வேலை ஒப்பந்தம் அடுத்த ஆண்டுக் கடைசி வரை இருந்தது. அவள் திரும்பிப் போனாள்.

சனவரியில் வாணி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். அழவில்லை. முதல் வாரமே கை தூக்கிக் கேள்வி கேட்டாளாம். தெய்வானை அக்கா சந்தோஷத்தில் கேசரி கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் ஜீவனும் கிஷனும் மட்டும் இருந்தார்கள். காலை நேரம் முன்பைவிட நீண்டுவிட்டது போல ஜீவனுக்குத் தோன்றியது. இப்போது கலா, வாணி என்று வரவுக்குக் காத்திருக்க இரண்டு பேர்.

போன வாரம் ஒரு மாலையில் மூவரும் மேசையில் தேநீரும் ரொட்டியுமாக இருந்தபோது, இரவு வேலை முடிந்து சந்திரகலா கூப்பிட்டாள். சீருடையை மாற்றாமலே கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாணி பள்ளியில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். புதுத் தோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். அம்மா தூங்கிப் போயிருந்தாள். போன் தலையணையில் சரிந்து, ஒரு பக்கக் கன்னமும் காதோரக் கூந்தலும் தெரிந்தன.

துண்டிக்க ஜீவன் கை நீட்டினான். வாணி வேண்டாமென்று தலையாட்டினாள். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து, அம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால், தங்களைப் பார்க்கும்படி வைத்தாள். கிஷன் தன் ரொட்டியைச் சத்தம் வராமல் மென்றான்.