கண்ணை மூடச் சொன்ன வீட்டுப்பாடம்

பாண்டிச்சேரிப் பக்கமிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு வாரம் வேனில் வந்து, என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்தினார்கள். கேட்டதுமே எனக்கு உறுத்தியது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல டீச்சர் இல்லையா? காரியம் இல்லாமல் யாரும் இந்த வெயிலில் மரக்காணம் உப்பளம் வரைக்கும் வரமாட்டார்கள்.

முதல் நாள் கை கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள். சரி, போகட்டும் என்று விட்டேன். அடுத்த நாள் ஐம்புலன் பாடம். சாயங்காலம் மகள் பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தாள்.

"அம்மா, கால நீட்டி கண்ண மூடிக்கோ. நான் பஞ்சால தொடுவேன். தொட்டா சொல்லணும். நாளைக்கு அத டாக்டர் அக்காகிட்ட சொல்லணும்."

"என் கால பத்தி அவங்களுக்கு எதுக்கு?"

"வீட்டுப்பாடம்மா."

விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளையை விட்டு வேவு பார்க்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. காலில் கோளாறு என்று பேச்சு கிளம்பினால், நான் வேலை செய்யும் உப்பளத்தின் மேஸ்திரி மறுநாளே வேறு ஆள் பிடித்துவிடுவார். அந்தக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

இத்தனைக்கும் என் காலில் ஒரு குறையும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், காலில் கீறல் பட்டு உப்புத் தண்ணீரில் இறங்கினால் துடித்துப்போவார்கள். எனக்கு எரிவது நின்றே வெகு காலமாகிறது. கால் பழகிவிட்டது என்று அதற்குப் பேர் சொல்வோம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அவள் முகம் வாடியதைப் பார்த்துக் கண்ணை மூடினேன். ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"சீக்கிரம் தொடுடி. சோறு வடிக்கணும்."

"எப்பவோ தொட்டுட்டேம்மா. இன்னும் தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். என் பாதத்தின் மேல் பஞ்சை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சைப் பிடுங்கி நானே தேய்த்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"அங்க போய் சொல்லாத. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

அவள் என் கையிலிருந்த பஞ்சை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"அப்போ அது என் காலுன்னு சொல்லிடட்டுமா?"

மறுநாள் உப்பளத்துக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, அவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.