பத்து கிலோ பொன்னி, பதினாறு மாடி

ஜோர்டான் பாலைவனக் காப்பகத்தில் மணலில் நடந்து, பாறை ஏறி, கூடாரத்தில் தூங்குவது என்று அக்கா முடிவெடுத்தபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தெட்டு. போகப்போவது நாங்கள் இரண்டே பேர். திட்டம் முழுவதும் அவள் போனில் ஓர் அட்டவணையாக இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே "சமையல்" என்று எழுதி மஞ்சள் அடித்து வைத்திருந்தாள்.

"பாறைக்கு நான் கைடோட போறேன். நீ கேம்ப்ல இருந்து ரசம் வை."

எனக்குச் சுருக்கென்றது. ரசம் வைக்க அவ்வளவு தூரம் போவானேன்? சிங்கப்பூரில் என் தெம்பனிஸ் வீட்டிலேயே வைக்கலாமே! நானும் ஏறியே தீருவேன் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். என் அடுக்குமாடி புளோக்கின் பதினாறு மாடியையும் முதுகில் பத்து கிலோவோடு ஒரே காலையில் ஐந்து முறை ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் லிப்டில் இறங்கிக்கொள்ளலாம். மலையில்லாத ஊரில் நாங்கள் மலையேறப் பழகுவது இப்படித்தான். அவளும் பொங்கோலில் தன் புளோக்கில் ஒரு மாதமாக அப்படித்தான் பழகிவந்தாள்.

பத்து கிலோவுக்கு எங்கே போவது? தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டையை அப்படியே பைக்குள் இறக்கினேன். முதல் இரண்டு முறை நாக்கு தள்ளியது. மூன்றாவது முறை அவ்வளவாகக் கனக்கவில்லை. நான்காவதில் பாட்டுகூட வந்தது. உடம்பு தேறிவிட்டதென்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஐந்தாவது முறை, பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் தமிழ் அம்மா படியை மறித்து நின்றார். அவர் காலடியில் நான்கு புறாக்கள் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"என்னம்மா, புறாவுக்கு அரிசி போடுறீங்க? ஃபைன் போடுவாங்க லா!"

இவ்வளவு நேரமும் மாடி எண்ணையே பார்த்து ஏறிய நான் அப்போதுதான் படியைத் திரும்பிப் பார்த்தேன். மூட்டையில் ஓட்டை, பையின் ஜிப்பும் பாதி திறந்திருந்தது. படியெல்லாம் பொன்னி. மானம் போய்விட்டது. அவரிடமே விளக்குமாறும் ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்கிக்கொண்டு, மீதி நான்கு மாடியையும் ஏறி முடித்து, மேலிருந்து தரைவரை பெருக்கி அந்த பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டே படிவழியே இறங்கினேன்.

கீழே அக்கா கைத்தராசோடு காத்திருந்தாள். என் முதுகுப்பையை அதில் மாட்டிப் பார்த்தாள்.

"நாலு கிலோதான் இருக்கு. இது செல்லாது. நீ ரசம்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால் வெடவெடக்க அங்கிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"இதை ஏறினதுக்கா இப்படி நடுங்குது?"

"ஏறினப்ப ஒண்ணும் ஆகலைக்கா. இறங்குனதுலதான் உயிர் போச்சு. ஆமா, நீ ஒரு மாசமா எத்தனை தடவை இறங்கிப் பழகின? பாறைல லிப்ட் இருக்கா?"

அக்கா, நான் பெருக்கிய அரிசியையும் சேர்த்துக் கட்டி, பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, லிப்டில் மேலே போனாள். நடந்து கீழே வந்து சேர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. கடைசிப் படியில் கைப்பிடியை விடாமல் நின்றபடியே போனை எடுத்து மஞ்சள் கட்டத்தை அழித்தாள்.

"அப்ப ரசம் யாரு வைக்கிறது?" என்று கேட்டேன்.

"கைடு வைக்கட்டும். நீ எனக்கு முன்னாடி இறங்கு."