குத்தூசியில் வந்த கொழுப்பு

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து, "சாம்பிள் பத்தலை, வாங்க" என்று போன் வந்தது. நான் ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் நிறைய மூத்திரம் பிடித்துக்கொண்டு, திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். என் வியாதிக்கு அது நுரைத்துக்கொண்டு வரும். பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, காலங்காத்தாலயே பீரா?" என்றார்.

"வூட்டுல காச்சுனது நைனா" என்றேன்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்தாதது இது இல்லைங்க, கிட்னித் துண்டு. ஊசியில வந்தது முக்கால்வாசி கொழுப்பும் தசையும்தான். கிட்னியோட வடிகட்டி ஒண்ணுகூட முழுசா இல்ல."

கூட வந்திருந்த என் மனைவி கொழுப்பு என்ற சொல்லைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "இந்தாளுக்குக் கொழுப்புன்னு கண்டுபுடிக்க ஊசி இன்னாத்துக்கு டாக்டர்? என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சொன்னார்: "ஒரு அனுமானத்துல ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடலாம். வேணாம்னா மறுபடி குத்தணும்."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டையைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுப்பதுதான் என் பிழைப்பு. ஊசியில் சணல் நார் மட்டும் வந்தால், 'அரிசி இப்படித்தான் இருக்கும், அனுமானமாகப் பொங்கித் தின்னுங்கள்' என்று எவனுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படி எழுதினால் மேஸ்திரி என்னையே மூட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுவார். செருப்பில் நுழையாத அளவுக்குக் கால் வீங்கி நிற்கிறேன். என்ன நோய் என்றே தெரியாமல் மருந்தா? ஒரு மூட்டை அரிசிக்கு இருக்கிற மரியாதை என் முதுகுக்குக் கிடையாதா?

சதை எடுத்த அன்றைக்குக் குப்புறப் படுத்திருந்தபோது 'டிக்' என்று இரண்டு தடவை சத்தம் கேட்டது ஞாபகம் வந்தது.

"சார், ரெண்டு தபா குத்துனீங்களே. ரெண்டாவது துண்டு எங்க?"

ஃபைலைப் புரட்டினார். "அது வேற டெஸ்ட்டுக்கு எடுத்தது. முதல் துண்டு சரியில்லாததால அதைப் பாக்கல. லேப்ல இருக்கும்."

இருக்குமாம்! என் உடம்பிலிருந்து உருவிய சதை, கேட்பாரற்ற பார்சல் மாதிரி எங்கேயோ கிடக்குமாம். அதைப் பார்க்காமல் என்னை மறுபடி குத்துவார்களாம். "அத்த பாக்காம நான் எய்ந்திரிக்க மாட்டேன்" என்று நாற்காலியில் சம்மணம் போட்டேன். வீங்கின கால் மடங்கவில்லை, பாதி சம்மணம்தான். இருந்தாலும் லேபுக்கு போன் போனது.

சாயங்காலம் லேபிலிருந்து பதில் வந்தது. இரண்டாவது துண்டில் ஒரே ஒரு வடிகட்டி இருந்ததாம். சாயம் போட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும், அதன் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னியதாம். என் நோயைச் சொல்ல அந்த ஒன்றே போதுமாம். அதற்கு வெறும் ஸ்டீராய்டு கேட்காதாம், மருந்தே வேறாம். மறுபடி குத்த வேண்டிய வேலையும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டியவன்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"இத்த மொதல்லயே பாத்திருக்கலாமே சார்?"

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க மொதல்லயே கேக்கலியே."