உர்ஹோ எடுத்த பதினோரு வரி

பின்லாந்தின் தம்பெரே நகரத்து உர்ஹோ தைபாலேவுக்குக் கணினி இயங்குதளத்தின் அடிமடியான கெர்னலில் குப்பை பொறுக்குவதுதான் வேலை. நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பகுதியில், யாரோ எந்தக் காலத்திலோ எழுதிப் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் துடைத்தெடுப்பார். புதிதாக ஒரு வரி எழுதியதாக அவர்மேல் எவரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒன்பது வருடமாக அவர் கண்ணை உறுத்தியவை பதினோரு வரிகள். கணினி விழிக்கும்போது அவை நினைவகம் முழுவதையும் எண்ணும். எண்ணிய கணக்கை ஒருவரிடமும் சொல்லாமல் மறந்துவிடும். இந்தக் கூத்துக்கு மூன்று விநாடி. மேலே, பெயர் போடாத புண்ணியவான் ஒருவர் குறிப்பு வேறு எழுதியிருந்தார்: ‘எடுக்காதீர்கள். காரணம் இருக்கிறது.’ இருந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உர்ஹோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவற்றை ஒழித்துவிட்டால் தன் பிறவி வீணில்லை என்று மனதார நம்பினார்.

கெர்னல்காரர்கள் கூடி முடிவெடுக்கும் மின்னஞ்சல் மடற்குழுவுக்கு நான்கு முறை திருத்தம் அனுப்பினார். ஒருமுறை காற்புள்ளிக்காகத் திருப்பினார்கள். ஒருமுறை தலைப்பு நீளம் என்றார்கள். ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். அன்று அலுவலகத்துக்கே கேக் வாங்கிப் போனார்.

நடுக்கோடைத் திருநாளுக்கு ஏரிக்கரை வீட்டுக்குப் போனால், மனைவியின் அண்ணன் தைஸ்தோ இடுப்பில் துண்டோடு வாசலில் நிற்கிறார். பின்னால், சௌனா என்னும் நீராவிக் குளியலுக்குக் காத்திருக்கும் இன்னும் பதினான்கு துண்டுகள்.

“மாப்ள, சௌனா சூடாகல. எல்லாம் நீங்க பொருத்துன பொட்டிதான்.”

“நேத்துதான் மச்சான் அதுக்குப் புது கெர்னல் போட்டேன், ஊர்லேருந்தே.”

“போடாத வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அடுப்பை ஏற்றி அணைக்கும் அந்தக் குட்டிக் கணினிப் பெட்டியை உர்ஹோ நோண்டினார். சௌனா அடுப்பின் வெப்பமானி விழிக்க மூன்று விநாடி ஆகும். இப்போது கணினி முந்திக்கொண்டு கேட்கிறது, தூக்கக் கலக்கத்தில் வெப்பமானி தொண்ணூறு டிகிரி என்கிறது, சூடு போதுமென்று அடுப்பு அணைகிறது. ஆக, அந்தப் பதினோரு வரியின் தயவில்தான் பன்னிரண்டு வருடமாகக் குடும்பமே வியர்த்திருக்கிறது.

“பொட்டியத் திருத்திட்டுப் பேசாம இருங்களேன்” என்றார் தைஸ்தோ.

“ஓடிட்டிருந்தது கெர்னலால நின்னா, தப்பு கெர்னலோடதுதான் மச்சான். அதான் எங்க சட்டம். இன்னும் எத்தனை வீட்ல துண்டோட நிக்கிறாங்களோ.”

மடற்குழுவில் அந்தச் சட்டத்தைச் சொல்லி நாற்பது பேரையாவது திட்டியவர் அவர்.

ஆறிக் கிடந்த சௌனாப் பலகையில் உட்கார்ந்து, பதினோரு வரியையும் தன் கையாலேயே திரும்பப் போட்டார். ஒன்பது வருட உழைப்பு. அழுகை வந்தது. பழைய குறிப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் கீழே காரணத்தை எழுதினார்: ‘என் மைத்துனரின் சௌனா.’ உலகமே படிக்கும் என்று நினைத்ததும் காது சிவந்தது. அழித்துவிட்டு, கெர்னலுக்கென்று தன் வாழ்நாளில் முதல்முறையாகப் புதிதாக ஒரு வரி எழுதினார்.

‘ஆமாம், இருக்கிறது.’