கேட்க வந்தவரின் கண்ணீர்

ஆராய்ச்சி செய்கிறவர் தன்னையும் சேர்த்து ஆராய்ச்சி செய்துகொள்கிற முறை ஒன்று உண்டு என்று மாரிசெல்வி முதன்முதலாகக் கேள்விப்பட்டது இரண்டாயிரத்து ஏழில். நாரணாபுரத்துக்காரி. தபாலில் பட்டம் படித்தவள். சிவகாசிக்கு வரும் ஆராய்ச்சிக்காரர்களை வீடு வீடாகக் கூட்டிப்போய்ப் பேசவைப்பதுதான் பிழைப்பு. அவர்கள் கேள்வியை வாசிப்பார்கள். பட்டாசுத் தொழிலாளிகள் பாடம் பண்ணிய பதிலைச் சொல்வார்கள். ஒரு அறையில் எத்தனை பேர் என்றால், சட்டம் சொல்கிறபடி நாலு பேர். சோதனைக்கு வரும் அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டதும் மிச்சப்பேர் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிந்து பழகிய ஊர். பேனா பிடித்தவர் யாராயிருந்தாலும் இங்கே அதிகாரிதான்.

அனுப்பிரியா வேறு மாதிரிப் பேசினாள். பட்டாசு முதலாளி நல்லசிவத்தின் அண்ணன் மகள். டெல்லியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "கேக்குறது யாருங்கிறதைப் பொறுத்துத்தானே பதில் மாறும், செல்வி? அதனால என்னையும் உள்ள வச்சுத்தான் எழுதப்போறேன். என் குடும்பத்தையும் விடமாட்டேன்" என்றாள்.

மாரிசெல்விக்கு மனசு நிறைந்துபோனது. அவள் அம்மா சோலையம்மாள் செத்தது நல்லசிவத்தின் கம்பெனியில்தான். தீபாவளி சீசனில், வெடிமருந்து செலுத்தும் அறையில் பன்னிரண்டு பேரை அடைத்து வேலை வாங்கிய ஒரு மத்தியானம் அறையே வெடித்தது. சோலையம்மாளின் கவனக்குறைவு என்று கம்பெனி சொல்ல, ஊரும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்தப் பழி அம்மா தலையிலிருந்து இறங்கவேண்டும். மகளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அன்று அந்த அறையிலிருந்து உயிரோடு வந்தவள் பொன்மணி. இன்னமும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். மாரிசெல்வி காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவளைப் பேச வைத்தாள்.

"நாங்க பன்னெண்டு பேரு இருந்தோம். கால நீட்ட எடமில்ல. மருந்து சூடேறுது, இன்னைக்கு இம்புட்டுப் போதும்னு சோலக்காதான் சொன்னா. லோடு போகணும்னு போர்மேன் விடல" என்றாள் பொன்மணி.

அனுப்பிரியா விக்கி விக்கி அழுதாள். பொன்மணிதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து, வெந்து சுருங்கிப்போன கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாரிசெல்விக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. நல்ல மனசு போலிருக்கிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே அனுப்பிரியா நேரே போய்ச் சித்தப்பாவிடம் கேட்டாள். பொன்மணி இப்படிச் சொல்கிறாளே என்று பேரைச் சொல்லியே கேட்டாள். குடும்பத்திடம் எதையும் மறைக்காமல் கேள்வி கேட்பதும் அவளுடைய முறையில் சேர்த்தியாம். மறுநாள் பொன்மணியைக் கம்பெனி வண்டியில் ஏற்றவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனிகளில்கூட யாரும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆய்வேடு தபாலில் வந்தது. மாரிசெல்வி இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தாள். அனுப்பிரியா தூங்காத இரவுகள் வந்திருந்தன. சின்ன வயதில் அவள் கொளுத்திய மத்தாப்பு வந்திருந்தது. பன்னிரண்டு பேர் விஷயத்தைச் சித்தப்பா மறுத்துவிட்டாராம். எது உண்மையென்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒரு கேள்வியைப் போட்டு முடித்திருந்தாள். கவனக்குறைவு என்ற பழி அப்படியே நின்றது. பொன்மணியின் வேலை போனதற்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம். அதிலும் பொன்மணி பட்ட பாடு இல்லை, அனுப்பிரியா பட்ட வேதனைதான்.

மாரிசெல்விக்கு வாயெல்லாம் கசந்தது. தன்னையே பார்க்கிறேன் என்று கிளம்பியவள் கண்ணாடி முன்னால் நின்று சிங்காரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்குச் செத்துப்போன அம்மாவையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாயிற்று. சீ, என்ன பிறவி! கூட்டிப்போன தன் மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது.

மறைக்க மனசில்லாமல் அந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு பொன்மணி வீட்டுக்குப் போனாள். அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சோலக்கா சேதி வந்திருக்கா தாயி?"

"வரல அத்தே."

"என்னையப் பத்தி?"

"ஒங்க வேல போனதுக்கு அவுக ரொம்ப வேதனப்பட்டாகளாம். பக்கம் பக்கமா எழுதிருக்காக."

பொன்மணியின் முகம் மலர்ந்தது. பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே நகர்ந்து வந்தாள்.

"அம்புட்டு வேதனப்பட்டாகளா? அப்ப அவுக சித்தப்பாட்ட ஒரு வார்த்த சொல்லி, என்னையத் திரும்பச் சேத்துக்கிடச் சொல்லலாம்ல? நீ ஒரு போன் போட்டுக் கேளேன் தாயி."