பிள்ளை ஓடியதற்கு அத்தாட்சி

என் மகளுக்கு நாலு வயது. அவள் வாயைத் திறக்க வேண்டுமென்றால் முன்னால் போன் இருக்க வேண்டும். போனில் ஒரு நீல யானை ஆடும். இவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இடைவெளியில் நான் புட்டை உள்ளே தள்ளிவிடுவேன். இதைத்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு தீத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, கிளினிக்கில் அவளை இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளச் சொல்லும்வரை. அவள் துள்ளவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "கால்ல ஒரு பிழையும் இல்ல. நீங்க பிள்ளைய ஓட விடுறதில்லையா?" என்று தாதி கேட்டார். வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை ஓட வேண்டும். அதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

முன்பள்ளியிலும் அதே கவலை இருந்திருக்கிறது. பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திரை எவ்வளவு கெடுதி என்பதைச் சுவர் நிறையத் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினார்கள். பிள்ளைகள் இடையில் சத்தம் போடக்கூடாது என்பதற்காக, பின்வரிசையில் ஆளுக்கொரு போனைக் கொடுத்து இருத்தியிருந்தோம். ஒரு பிள்ளையும் மூச்சுக் காட்டவில்லை. கூட்டம் மிகச் சிறப்பாக நடந்தது.

தலைமை ஆசிரியை புசல்லாவைப் பக்கத்தவர், கண்டிப்பானவர். முடிவில் அவர் எழுந்து, "தெனமும் சாயங்காலம் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போய் வெளையாட விடுங்க. வெளையாடுறத வீடியோ எடுத்து குரூப்ல போடுங்க. இல்லாட்டி நான் நம்ப மாட்டேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். அத்தாட்சி இல்லாமல் வந்த எதையும் நாங்களும் நம்பிப் பழக்கமில்லை.

எங்கள் வாடகை வீடு கண்டியில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. வாசலில் நின்று பந்தை ஒருதரம் உதைக்கலாம். அடுத்த தரம் உதைப்பதற்குக் கீழே மகாவலி ஆறுவரை போக வேண்டும். ஆகவே கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் கணவரும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கீழே பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த சமதரைக்குப் போனோம். மழை வருமுன் எடுத்து முடிக்க வேண்டும்.

"முகத்தில வெளிச்சம் படேல்ல. பிள்ளைய அந்தப் பக்கமா நிப்பாட்டும்" என்றார் அவர். நான் நிறுத்துவதற்குள் பிள்ளை ஒரு தும்பியைக் கண்டு அதன் பின்னால் ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆனால் படத்துக்கு வெளியே ஓடினாள். கூப்பிட்டு நிறுத்தினேன். தும்பி போய்விட்டது. பிறகு தும்பி இல்லாமலே அவளைத் திரும்பத் திரும்ப ஓட வைத்து, அதில் நல்லதாகப் பார்த்து அனுப்பினோம். குழுவில் இதயங்களாக வந்து கொட்டின.

மறுநாள் ஒரு டொக்டர் தம்பதியின் பிள்ளை பேராதனைப் பூங்காப் புல்லில் உருண்டது. அதற்கடுத்த நாள், கம்பளையில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகன் ஆற்றங்கரையில் பட்டம் விட்டான். பின்னணியில் பாட்டு வேறு. நான் விடுவேனா? பச்சைப் புல்லில் எடுப்பாகத் தெரியட்டும் என்று பிள்ளைக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்கினேன். சட்டை ஊத்தையாகிவிடும் என்பதால் அவளை நிலத்தில் இருக்கவோ உருளவோ விடவில்லை.

கொஞ்ச நாளில் பிள்ளை நீல யானையைக் கைவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. ஆனால் புட்டுக்கு வாய் திறக்க இப்போது தான் ஓடும் வீடியோவைப் போடச் சொன்னாள். அது முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். சமதரையில் நாலு எட்டு வைத்ததுமே "காட்டுங்கோ" என்று ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

"இவள் ஓடுறதைவிட ஓடினதைப் பாக்கிறதுதான் கூட" என்றார் கணவர். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஆனாலும் அன்றைய வீடியோவை அனுப்பிவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. கரண்டும் இல்லை, போன் செத்துக் கிடந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களின் பேத்திக்கும் நாலு வயதுதான். அவள் விளையாட மேலே வந்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது.

"என்ன விளையாட்டுப் பிள்ளை?" என்று உள்ளிருந்தே கேட்டேன்.

"அம்மா விளையாட்டு" என்றாள் மகள்.

சோறு ஆக்குகிறார்கள், பொம்மைக்குத் தீத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பிள்ளை விறாந்தையின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்குமாக வேர்த்து விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தாள். என் மகள் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு சவர்க்காரப் பெட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, "சிரிச்சுக்கொண்டு ஓடுங்கோ. இன்னொருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் ஓடுங்கோவன் பிள்ளை" என்றேன்.

அவள் பெட்டியை இறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"எனக்கு ஓடேலாது. நான்தானே அம்மா."