பூஸ்டர் வீட்டுக்காரர் ஊருக்குப் போனால்

வாரம் முழுக்க பனியன் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் டிவி முன்னால் உட்காருகிறேன். இன்று படத்தில் கதாநாயகி அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள், திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிட்டது.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

“பூஸ்டர் இருக்கிற ஊட்டுக்காரரு மெயினை ஆஃப் பண்ணிட்டு பழனிக்குப் போயிட்டாருங்க.”

எங்களுடையது கடைசி வீதி. இங்கே வருவதற்குள் சிக்னல் இளைத்துவிடும். அதைத் தேற்றி அனுப்பும் பூஸ்டர் பெட்டி முனைவீட்டு மாடியில் இருக்கிறது. கரண்ட் அவர்களுடையது, அதற்காக அவர்களுக்கு மட்டும் கேபிள் இலவசம்.

சாயங்காலம் முனைவீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கியதும் போய் நின்றேன்.

“ஏனுங்கண்ணா, நீங்க மெயினை ஆஃப் பண்ணுனா வீதிக்கே டிவி வராதுங்களே?”

“ஆளில்லாத ஊட்டுல கரண்டு எதுக்கு அம்மிணி ஓடோணும்? நாங்கெல்லாம் டிவியே பாக்கறதில்லீங்க. எல்லாம் போன்லதான்.”

பார்க்காத டிவிக்கு இலவச கேபிள்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் பஞ்சாமிர்த டப்பாவை நீட்டுகிறார்.

“வர்ற ஞாயித்துக்கெழமையும் பல்லடத்துல கல்யாணமுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்.”

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஞ்சாமிர்தம் இனிக்கத்தான் செய்தது.

அந்தக் கல்யாண மொய்யை நானே தந்துவிடுகிறேன், நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அவரிடம் கேட்டால் தப்பா? நீங்களே சொல்லுங்க.